தெற்குப் பார்த்த பால்கனி

கண் பரிசோதனை என்பது ஒரு பரீட்சை, அதில் பாஸாக வேண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். செய்தித்தாள் என் கையின் நீளத்தைத் தாண்டிப் போய்விட்ட வயதில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நாற்காலியில் இருந்த பெண்மணி அட்டையின் கடைசி வரியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ப, ட, ர, ம, ய. மனப்பாடம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன பழக்கம், கண்ணுக்கு முன்னால் பரீட்சை வந்ததும் தானாகத் திரும்பியது.

என் முறை வந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தயக்கமே இல்லாமல் சொன்னேன்: "ப, ட, ர, ம, ய."

கடைக்காரர் அட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குட்டையான மனிதர், கத்தரித்த வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி.

"அது அந்தம்மாவோட அட்டை சார். உங்களுக்கு வேற மாட்டியிருக்கேன்" என்றார்.

"ஓ."

"யூகிக்காதீங்க சார். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. தப்பே இல்லை. உங்களுக்கு எது தெரியலைங்கறதுதான் எனக்கு வேணும்."

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எது தெரியவில்லை என்று சொன்னால் போதும் என்றால், எனக்குத் தங்கப் பதக்கமே கிடைத்திருக்கும். அடுத்து அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்க, அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் கண்டுபிடித்து, விளக்கை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் குடியிருப்பிலேயே, எனக்கு நேர் கீழே இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார் என்று தெரிந்தது. எங்கள் நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை இப்படித்தான், கடைவீதியில் வைத்துத் தெரிந்துகொள்கிறோம். எல்லோருக்கும் அவர் பாய். பெயர் எனக்குத் தெரியும். போட மாட்டேன். போட்டால், "நீங்க எழுதினதுல மூணு இடம் நீங்க பார்க்காதது சார்" என்று ஃபோன் வரும். வரட்டும் என்றுதான் சில சமயம் தோன்றுகிறது. நான் அந்தக் குடியிருப்பை விட்டு கே.கே. நகருக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அவருடைய ஒரே குணம் அதுதான். பார்த்ததைப் பார்த்தேன் என்பார். பார்க்காததைப் பார்க்கவில்லை என்பார். எழுதும்போது எளிமையாகத்தான் இருக்கிறது. கூட வாழ்ந்து பார்க்க வேண்டும்.

கூட வாழ்ந்த அவர் மனைவி ஒரு தடவை படிக்கட்டில் என்னிடம் முறையிட்டார். "கறி வெந்துச்சாங்கன்னு கேட்டா, 'நான் ஒரு துண்டு சாப்பிட்டேன், அது வெந்திருந்துச்சு'ங்கறாங்க. மத்த துண்டைப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க. முப்பது வருஷமா நான் சமைக்கிறேன் சார்!"

ரமலான் முடிகிற சமயத்தில் இந்தக் குணம் உச்சத்துக்குப் போகும். வீட்டில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஒரே சொந்தக்காரர் என்பதால், பிறை பார்க்கிற சாயங்காலம் ராயப்பேட்டையிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் விடாமல் ஃபோன் வரும். காஜியார் அறிவிப்பதற்குள் அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கறிக்கு மசாலா தடவிவிடலாம் என்று பல வீடுகளில் காத்திருப்பார்கள். பாய் எங்கள் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நிற்பார். பின்னாலேயே அவர் மனைவி.

"மேகம். பார்க்கலை."

"ஆம்பூர்ல பார்த்துட்டாங்களாம்ங்க."

"அப்ப ஆம்பூருக்கு ஃபோன் போடச் சொல்லு."

"தெரியற மாதிரி இருக்குன்னாவது சொல்லக்கூடாதா? அக்கா லைன்லயே இருக்காங்க."

"மாதிரி பிறைக்கு மாதிரி பெருநாள்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மேற்கே பார்ப்பார். லைனில் இருந்த அக்கா அடுத்த வருஷமும் அவரைத்தான் கூப்பிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் மகன் கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாயையும் அழைத்திருந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். அருந்ததி பார்க்கிற கட்டம் வந்தது. வாத்தியார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேடையின் ஓரத்துக்கு நகர்த்தி, ஏ.சி. குழாய் போகும் திசையில் கையைக் காட்டினார். காலை பத்தரை மணி.

"அதோ அருந்ததி. தெரியறதோ?"

"தெரியறது" என்றான் என் அண்ணன் மகன். "தெரியறது" என்றாள் பெண். இருவருக்கும் சேர்த்து எங்கள் குடும்பத்தில் பதினேழு பேர் தலையாட்டினார்கள், நானும் உள்பட. வாத்தியார் உற்சாகமாக முன்வரிசையைப் பார்த்து, "எல்லாரும் பார்த்தேளா?" என்றார்.

"இல்லீங்க. மேல கான்கிரீட் இருக்கு" என்றார் பாய்.

சபை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அவர் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டார்கள், சொன்னார். அவ்வளவுதான். அதோடு நிற்காமல் எழுந்து போய், தன் ஃபோனை வாத்தியாரிடம் நீட்டினார். "எங்க மாடிப்படி வடக்கு ஜன்னல்லேர்ந்து எடுத்தது. இது அருந்ததி. இது வசிஷ்டர். கிட்டப் பாருங்க, வசிஷ்டரே ரெண்டு பேர்."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பேரா? யாரு ஓய் இன்னொருத்தர்?"

"தெரியலைங்க" என்றார் பாய்.

வாத்தியார் அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதன்பின் நான் போன இரண்டு கல்யாணங்களில் அவர் கூரையைக் காட்டவில்லை. ஃபோனைக் காட்டினார். வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

இரட்டை நட்சத்திரங்கள்தான் பாயின் பொழுதுபோக்கு. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாகப் பிரியும். சில மூன்று நான்காகக்கூடப் பிரியுமாம். அதைத் தன் பால்கனியிலிருந்து, சின்னத் தொலைநோக்கிக் குழாய் ஒன்றின் பின்னால் கேமராவை மாட்டிப் படம் எடுப்பார். தி.நகரில் வானம் என்று நாங்கள் அழைப்பது, பால் அதிகமாகிவிட்ட காப்பியின் நிறத்தில் ஒரு கூரை. கீழே இருக்கும் நகைக்கடைகளின் வெளிச்சம் அதில் பட்டு, மேலே இருப்பதை எல்லாம் கழுவிவிடும். இங்கே போய் நட்சத்திரமா என்று கேட்டேன்.

"பால்வீதி கேக்கறவங்கதான் மலைக்குப் போகணும் சார். இது பிரகாசமான புள்ளி. நகைக்கடை இதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வெளிச்சத்தைத் திட்டாத ஒரே வானியல்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்த வானியல்காரரே அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

முதல் நாள் என்னைக் குழாயின் பின்னால் உட்கார வைத்தார். கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே கருப்பு. மேலே என் வீட்டு டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, சீக்கிரம் போக வேண்டும்.

"தெரியுதா சார்?"

"பிரமாதம் பாய். ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல."

அவர் குனிந்து குழாயின் முன்பக்கத்தில் கை வைத்தார். "மூடியை இன்னும் எடுக்கலை சார்."

அதன்பிறகு நான் மேட்சை மறந்து ஒழுங்காக உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் தெரிகிற இரண்டும் உறவு என்று அர்த்தமில்லை என்றார். "பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளும் ஒரு அம்மாவும் பக்கத்துல நிக்கறாங்க. புருஷன் பொண்டாட்டியா? இருக்கலாம். சும்மா ஒரே பஸ்ஸுக்கும் நிக்கலாம். ஒண்ணு பின்னாடி ரொம்பத் தூரத்துல இருந்தாக்கூட நமக்குப் பக்கத்துலதான் தெரியும். ஒண்ணை ஒண்ணு சுத்துதான்னு வருஷக்கணக்காப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லணும்."

அவருக்கு உயிர், ஆல்ஃபா சென்டாரி என்று ஒரு ஜோடி. இது நிஜமான ஜோடி, ஒன்றையொன்று சுற்றுவது. சென்னைக்குத் தெற்கே, வானத்தின் அடிவிளிம்பில், ஜூன் ஜூலை சாயங்காலங்களில் தலைகாட்டும். உயரமாக ஏறவே ஏறாது. தெற்கில் ஒரு மாடி குறுக்கே வந்தால் போச்சு. தி.நகரில் தெற்கில் மாடி குறுக்கே வராத வீடு எது? எங்கள் மொட்டை மாடியின் தெற்குப் பக்கத்தை ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை அடைத்திருந்தது, பாய் வீட்டுக்கு நேர் எதிரே நான்கு மாடிக் கட்டடம். ஆனால் அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படிக் கூண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வானம் விட்டிருந்தது. அந்த உள்ளங்கைக்குள் அந்த நட்சத்திரம் வந்து போகும். மற்றவர்கள் தெற்குப் பார்த்த வீட்டைக் காற்றுக்காகத் தேடுவார்கள். பாய் இந்த இடுக்குக்காகவே அந்த வீட்டை விடாமல் வைத்திருந்தார்.

வருஷத்துக்கு ஒரு படம். சாயங்காலம் சாயங்காலமாக நூற்றுக்கணக்கில் எடுத்து, காற்று ஆடாமல் நின்ற கணங்களில் விழுந்ததை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, ஒன்றாக்குவார். அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டுவார். மற்றவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பேரன் பேத்தி இருக்கிற இடத்தில் இவர் வீட்டில் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளிகள், வருஷ வரிசையில். முதலில் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. வரிசையாகப் பார்த்தபோது மெய் சிலிர்த்தது. வருஷத்துக்கு வருஷம் இரண்டு புள்ளிகளும் கொஞ்சம் விலகி, கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தன. வானத்தில் எதுவோ நடக்கிறது என்பதை ஒரு ஃபிரிட்ஜ் கதவில் பார்க்கலாம் என்று நான் நினைத்ததில்லை.

நான் சொல்லவந்த ஜூனில், அவருக்கு இதுவரை வராத அளவுக்கு நல்ல படம் வந்தது. ஊசியால் குத்தியது போல இரண்டு சுத்தமான புள்ளிகள். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டார். "காற்று இந்த வருடம் அசையாமல் இருந்தது" என்று ஒரு வரி. ஐந்து பேர் கைகூப்பினார்கள். ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டுவிட்டு அழித்தார்.

அந்த வாரம்தான் எதிர்க் கட்டடத்து நாலாவது மாடி அக்கா எங்கள் கேட்டில் என்னைப் பிடித்தார். அக்கா என்றால் என்னைவிட இளையவர்தான், தெருவுக்கே அக்கா. வீட்டிலேயே சப்பாத்தி போட்டு மேன்ஷன்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் அனுப்புகிறவர்.

"இன்னா சார், நீதான ஜாயிண்ட் செக்கரட்டரி?"

குடியிருப்புச் சங்கத்தின் போன வருஷக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததால் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டேன்.

"அந்த ரெண்டாவது மாடி பால்கனியில ஒரு குழாய் கீதே, அது இன்னாத்துக்கு எங்க கிச்சனையே பாத்துக்கினு கீது?"

"அது நட்சத்திரம் பார்க்கறதுக்கும்மா..."

"நட்சத்திரம் மேல கீது சார். குழாய் எங்க வூட்டாண்ட கீது. மேல எது, நேரா எதுன்னு எனக்குத் தெரியாதா? கேமரா வேற மாட்டி வெச்சிகினு கீறாரு. நான் நைட்டியோட நின்னுகினு வேல செய்றவ. இதுக்கு ஒரு முடிவு சொல்லு, இல்ல நான் ஸ்டேசனுக்குப் போறேன்."

அந்த நட்சத்திரம் உயரமாக ஏறாது என்பதையும், குழாய் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டுதான் பார்க்கும் என்பதையும், அது குறிவைக்கும் இடுக்கு அக்கா வீட்டுச் சமையலறைக்குச் சரியாக ஒரு முழம் மேலே என்பதையும் அந்த இடத்தில் நின்று விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விஷயம் பாய் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்வரை போய்விட்டது. அவர் வெளிநாட்டில் இருந்தார். புகாரில் உண்மை இருந்தால் மாதக் கடைசிக்குள் பாயைக் காலி செய்யச் சொல்லும்படி எங்கள் செயலாளருக்குத் தகவல் அனுப்பினார். செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நாள் முடிவதற்குள் கணக்கு முடிக்க விரும்புகிறவர். என்னைத் தனியாக அழைத்துப் போனார். "சார், இதைச் சீக்கிரம் மூடணும். குழுவுல ரெண்டு பேர் வேற மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அவர் யாரு, என்ன ஆளுங்கன்னு. பாய்கிட்ட சொல்லி வைங்க. நான் கேப்பேன், அவர் 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் பாயிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். அக்கா தெருவைத் தாண்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாய் எதிரே. தூணோரம் அவர் மனைவி, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு.

செயலாளர் தொண்டையைச் சரிசெய்தார். "பாய், ஒரே கேள்வி. இந்த அம்மா வீட்டு ஜன்னலை நீங்க அந்தக் குழாயில பார்த்ததே இல்லை. அவ்வளவுதானே? சொல்லுங்க, டீ ஆறுது."

பாய் யோசித்தார். கடையில் லென்ஸ் மாற்றும்போது நம் முகத்தைப் பார்ப்பாரே, அதே முகம்.

"பார்த்திருக்கேன்" என்றார்.

செயலாளர் டீயைக் கீழே வைத்தார்.

"தினமும் பார்க்கறேன். நட்சத்திரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஃபோகஸ் பண்ண ஒரு வெளிச்சம் வேணும். நேர் கீழ அவங்க கிச்சன் பல்புதான் இருக்கு. அதைப் பிடிச்சுச் சரி பண்ணிட்டு, குழாயை மேல தூக்குவேன்."

"யா அல்லாஹ்" என்று தூணோரத்திலிருந்து கேட்டது.

நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "பல்பு மட்டும்தானே பாய்? வேற ஒண்ணும் தெரியாதில்ல?"

"அவ்வளவு பெருசாக் காட்டறப்ப பல்பு மட்டும்தான் சார் இருக்கும்." நான் மூச்சு விட்டேன். "ஒரு தடவை ஒரு கை குறுக்கால போச்சு. கண்ணாடி வளையல். பச்சை."

எல்லோரும் அக்காவின் கையைப் பார்த்தோம். பச்சை. அக்கா கையை மடியில் இழுத்துக்கொண்டார். மாதக் கடைசிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது, பாய்க்குத் தெற்குப் பார்த்த வீடு இனி எங்கே கிடைக்கும் என்று நான் மனதுக்குள் வீடு தேட ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பறம்? இன்னும் இன்னா பாத்த? முழுசா சொல்லு" என்றார் அக்கா.

"அவ்வளவுதாம்மா. மே மாசக் கடைசியிலேர்ந்து பல்பும் சரியாத் தெரியலை. மங்கலா, பெருசா, பஞ்சு மாதிரி. பல்பு பழசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அக்கா எழுந்துவிட்டார். "பல்பு பழசாவல பாய். நான் ஜன்னல சாத்திக்கினேன். பால் கண்ணாடி அது. இந்த வருசம்தான் உன் குழாய் கண்ணுல பட்டுது, பாத்துட்டுத்தான் சாத்தினேன். சப்பாத்திக் கல்லு முன்னாடி, இந்த வெயில்ல, ஜன்னல சாத்திக்கினு நின்னு பாத்துகிறியா நீ? போன வாரம் தல சுத்தி அப்டியே தரையில குந்திட்டேன். மாவு கையோட. அது தெரிஞ்சுதா உன் குழாயில?"

பாய் "தெரியலை" என்றுகூடச் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு, யாரிடமும் இல்லாமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"சமைக்கிறப்ப அந்த ஜன்னல்லேர்ந்து சூடு மேல ஏறும். நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். வருஷா வருஷம் ஏழு மணிக்கு நட்சத்திரம் ஆடி ஆடிக் கொதிக்கும், கல்லை இறக்கினப்புறம்தான் அடங்கும். இந்த வருஷம் கொதிக்கவே இல்லை. படம் அவ்வளவு நல்லா வந்தது. கடல் காத்து நல்லாருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்." நிறுத்தினார். "நினைச்சுக்கிட்டேன். போய்ப் பார்க்கலை."

அவர் எழுந்து படியேறிப் போனார். கீழே நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே, மேலே பால்கனியில் அவர் குழாயைக் கழற்றுவது தெரிந்தது. முக்காலியை மடக்கி உள்ளே எடுத்துப் போனார். கம்பியைப் பிடித்துக் குனிந்து, "ஜன்னலைத் திறந்துக்கோங்கம்மா" என்றார். கதவு சாத்தப்பட்டது.

பால்கனியில் கேமரா வைக்கக் கூடாது என்று சங்கம் ஏகமனதாக முடிவெடுத்திருப்பதாகச் செயலாளர் உடனே அறிவித்தார். சொந்தக்காரருக்கும் அப்படியே எழுதினார். பாய் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வீடு இருந்தது, அந்த வீட்டில் அவர் எதற்காக இருந்தாரோ அது போய்விட்டது.

சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் காந்தம் மட்டும் இருந்தது.

"அந்த நல்ல படம் எங்க பாய்?"

"எடுத்துட்டேன் சார்."

"ஏன்? நட்சத்திரம் நட்சத்திரம்தானே? படம் பொய் இல்லையே?"

"படம் பொய் இல்லை. எனக்குத்தான் அதைப் பார்த்தா வேற தெரியுது."

"அப்ப இந்த வருஷம்?"

"இந்த வருஷம் காலி" என்றார். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் அது மேற்கே சாய்ந்துவிடும், மேகமும் வந்துவிடும் என்று அவர் மனைவி எனக்கு விளக்கினார். "எனக்கென்ன சார், பால்கனியில துணி காயப் போட இடம் கெடச்சுது" என்றும் சொன்னார். ஆனால் கொடியில் ஒரு துணியும் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் அக்கா என்னை மறுபடி கேட்டில் பிடித்தார். என்ன புகாரோ என்று என் செருப்பைப் பார்த்தேன்.

"ஜன்னல தொறந்துட்டேன் சார். காத்து நல்லா வருது."

"சந்தோஷம்மா."

"அந்த பாய் இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா? பால்கனி பக்கமே காணோம்."

"நல்லாத்தான் இருக்கார். இந்த வருஷப் படம் போச்சேன்னு..."

"நான் குழாய என் வூட்டாண்ட வெக்காதேன்னுதான சொன்னேன்? நட்சத்திரம் பாக்காதேன்னா சொன்னேன்?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் இன்னா கண்டேன்? வளையல் கலர் வரைக்கும் சொல்லிக்கினு. இன்னா மனுசன் அது?" கொஞ்சம் யோசித்தார். "எங்க மொட்ட மாடிக்கு அவர இட்டுகினு வா. அங்கேர்ந்து தெக்கால ஒண்ணும் மறைக்காது. சாவி எங்கிட்டதான் கீது. ஆனா ஒண்ணு, நான் கூடவே நிப்பேன். குழாய் எங்க திரும்புதுன்னு நான் பாக்கணும்."

அப்படியே நடந்தது. இருட்டத் தொடங்கியதும் பாய் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருவைத் தாண்டினார், பின்னால் குழாயை நான் தூக்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவோடு அவர் மனைவி. எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சப்பாத்தி வேலை முடிந்திருந்தது. எங்களுக்காக நைட்டியிலிருந்து புடவைக்கு மாறியிருந்தார், முழங்கைவரை மாவு மட்டும் அப்படியே.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நின்றால் தெற்கு முழுக்கத் திறந்து கிடந்தது. அடையாறுவரைக்கும் மாடிகள், அவற்றின் மேல் அந்தப் பால் காப்பி நிறம். அதில் ஒரே ஒரு புள்ளி நின்றது. பாய் தூரத்தில் ஒரு செல்ஃபோன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பிடித்து ஃபோகஸ் செய்தார். குழாய் நகர்கிற ஒவ்வொரு தடவையும் அக்காவின் கழுத்தும் அதே திசையில் நகர்ந்தது. குழாய் மேலே ஏறியது. கேமராவின் சின்னத் திரையில் இரண்டு புள்ளிகள் வந்து நின்றன. கொதிக்கவில்லை.

"வாங்கம்மா" என்றார் பாய்.

அக்கா வாளியிலிருந்து எழுந்து வந்து, மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"அங்க ஒண்ணுதான கீது. இதுல ரெண்டு கீது."

"ஆமாம்மா."

"இதுக்குத்தான் தெனமும் நின்னுகினு இருந்தியா?"

"இதுக்குத்தான்."

"இவங்களுக்கு வேற வேலை இல்லம்மா" என்றார் பாயின் மனைவி, டப்பாவைத் திறந்து அக்காவிடம் நீட்டியபடி.

அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ரெண்டும் ஒண்ணாவே நிக்குமா, எப்பவும்?" என்றார்.

"இல்லை. இப்ப வருஷா வருஷம் விலகிக்கிட்டிருக்கு. அப்புறம் கிட்ட வரும். ஒரு சுத்து முழுசாச் சுத்திவர எண்பது வருஷம் ஆகும்."

"எண்பது வருசமா?"

"கிட்டத்தட்ட."

"அது முடியற வரைக்கும் நீ வந்துகினே இருப்பியா?"

"இருக்கற வரைக்கும் வருவேன்" என்றார் பாய்.

அக்கா நிமிர்ந்து முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவி, மாவு போகப் புடவைத் தலைப்பில் துடைத்து, அவரிடம் நீட்டினார்.

"எண்பது வருசம்லாம் வாளியில குந்திகினு காவல் காக்க எனக்கு முடியாது பாய். இத எடுத்துகினு போயி ஒரு டூப்ளிகேட் போட்டுக்கோ. காலையில சாவிய குடுத்துடு, துணி காயப் போடணும்."